அந்தப் படத்துல இருக்கறவரு

டேவி: கதவைச் சாத்துங்க மாமா. சாத்துங்க... கொக்கியையும் போட்டுடுங்க.

மாமா: போட்டாச்சு. உக்காரு முதல்ல. ஏய், அந்த அங்கி மேல உக்காராத. பாட்டுக்குழுவுல கிழியாம இருக்கறதே அது ஒண்ணுதான்.

டேவி: உக்கார முடியல. சர்ச் நிறைய ஜனம், மாடிப்படியில கூட நிக்கறாங்க, அத்தனை பேர் முன்னாடி மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நான்... அம்மா மூஞ்சியைப் பார்த்தீங்களா?

மாமா: பார்த்தேன். அழுதுக்கிட்டு இருந்தா. பெருமையில.

டேவி: பெருமையா?

மாமா: பின்ன? என் தங்கச்சி பெத்தது, பதினாறு வயசு, இளைஞர் சங்கத்து சார்புல டால்பர்ட் ஐயா சாவுல பேச மேடை ஏறுச்சு. வாயைத் தொறந்ததும் துக்கம் தொண்டையை அடைச்சிருச்சு. ஜனம் உருகிப்போச்சுடீ.

டேவி: துக்கம் அடைக்கல மாமா.

மாமா: சரி... தண்ணி குடி.

டேவி: நீங்க ஏன் ஆர்கன் வாசிக்கறதை விட்டுட்டு வந்தீங்க? பாஸ்டர் பேச ஆரம்பிச்சிட்டாரு. இங்க வரைக்கும் கேக்குது.

மாமா: அவரு இப்பதான் ஆபிரகாம்கிட்ட நிக்கறாரு. இன்னும் மோசே இருக்காரு, செங்கடல் இருக்கு, தானியேலு, சிங்கக் குகை... சிலுவைக்கு வந்து சேர்ந்தாதான் குரல் மேல ஏறும். அப்பதான் என் கை வேணும் அவருக்கு. அதுவரைக்கும் நான் அங்க உக்காந்து கொட்டாவிதான் விடணும்.

டேவி: சிரிக்க வைக்காதீங்க.

மாமா: சிரிச்சா உக்காருவியேன்னு பார்த்தேன்.

டேவி: மாமா, நான் என்ன சொல்ல வந்தேன்னு அங்க ஒருத்தருக்கும் தெரியாது. ‘அந்தப் படத்துல இருக்கறவரு’ன்னு ஆரம்பிச்சேன். அவ்ளோதான் வந்துச்சு. உடனே முன் வரிசையிலேர்ந்து ஒரு அம்மா, ‘மெதுவா சொல்லு கண்ணு’ங்கறாங்க. அந்தப் பக்கம் ஒருத்தரு, ‘கர்த்தாவே, புள்ளைக்குத் துணை நில்லும்’ங்கறாரு. உங்க ஆர்கன் வருது. பாட்டுக்குழு எந்திரிச்சு நிக்குது. வெள்ளைக் கையுறை போட்ட ரெண்டு அம்மாங்க வந்து ஆளுக்கு ஒரு பக்கம் என் கையைப் பிடிச்சு, விசிறி விட்டுக்கிட்டே வெளிய கூட்டிட்டு வந்துட்டாங்க. செத்தவரு பொண்டாட்டியை நடத்திக்கிட்டுப் போற மாதிரி. நான் நல்லாத்தான் இருக்கேன்னு சொல்றேன். ‘தெரியும் கண்ணு, தெரியும்’ங்கறாங்க.

மாமா: நம்ம சர்ச் அப்படித்தான். ஒருத்தர் பேச்சு நின்னா ஊரே தாங்கிப் பிடிக்கும். விழ விடமாட்டோம்.

டேவி: நான் விழல. பேசப் போனேன்.

மாமா: இன்னொரு நாள் பேசு. ஆண்டு நினைவுக் கூட்டம்னு வைக்கத்தான் போறாங்க...

டேவி: இன்னைக்குத்தான் சொல்லணும். பெட்டியை மூடறதுக்கு முன்னாடி.

மாமா: யாரு சொன்னா அப்படி?

டேவி: அவருதான்.

மாமா: எவரு?

டேவி: பெட்டியில இருக்கறவரு. யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே? அம்மாகிட்ட கூட?

மாமா: ம்.

டேவி: அந்தப் படத்துல இருக்கறவரு டால்பர்ட் ஐயா இல்ல.

மாமா: மெதுவாப் பேசு. மரச்சுவரு.

டேவி: மாமா, நான் சொன்னது கேட்டுச்சா? நம்ம ஸ்கூல் வாசல்ல சுவர் நிறைய வரைஞ்சு வச்சிருக்காங்களே, கோர்ட்டுப் படியில தொப்பியோட முட்டி போட்டுக்கிட்டு, போலீஸ் ஷெரிஃப்போட தடி தலைக்கு மேல நிக்க... இன்னைக்கு ஆளாளுக்குக் குடுத்த விசிறி அட்டையில கூட அதானே போட்டிருக்கு? அது அவரு இல்ல. வேற ஆளு.

மாமா: கேட்டுச்சு புள்ள. எப்ப சொன்னாரு உன்கிட்ட?

டேவி: ரத்தம் சுத்தம் பண்ற ஆஸ்பத்திரிக்கு சனிக்கிழமை சனிக்கிழமை நான்தானே அவரைக் கார்ல கூட்டிட்டுப் போனேன்...

மாமா: தெரியுமே. நீ பிரேக் போடறதைப் பத்தி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. ‘ஷெரிஃப்பு நாய்க்குக் கூட நான் இவ்வளவு பயப்படல’ன்னு.

டேவி: அதே மாதிரிதான் மாமா, விளையாட்டா ஆரம்பிச்சாரு. திரும்பி வர்ற வழியில வறுத்த மீன் வாங்கிக்கிட்டு, ஸ்கூல் சுவர் கிட்ட சிக்னல்ல நிக்கறோம். மீன் அவருக்கு ஆகாது, டாக்டர் வேணாம்னுட்டாரு. ஒரு துண்டு எடுத்து வாயில போட்டுக்கிட்டு, சுவரைக் காட்டி, ‘அந்த ஆளு ரொம்ப நல்லவன், தெரியுமா’ங்கறாரு. நான், ஆமா ஐயா, தற்பெருமை ஜாஸ்தி அவருக்குங்கறேன். சிரிக்கல. ‘அது ஏசா பிக்கெட்டு’ன்னாரு. நம்ம சர்ச்சுக்கு வர்ற மிஸ் லூவீனியா இருக்காங்களே, அவங்களோட அண்ணனாமே. எனக்கு அப்படி ஒரு ஆளு இருந்ததே தெரியாது.

மாமா: உனக்கு எப்படித் தெரியும். டெட்ராய்ட்டுல கார் ஃபாக்டரிக்குப் போயிட்டாரு. காலைத் தாங்கித் தாங்கி நடப்பாரு. அங்கேயே செத்தும் போயிட்டாரு, நான் அப்ப சின்னப் பையன்.

டேவி: உங்களுக்கு எப்படி...

மாமா: நீ சொல்லு, நீ சொல்லு. அப்புறம்?

டேவி: ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போற அன்னைக்கெல்லாம் ஒருத்தரு மட்டும் போகக்கூடாதாம். வெளியதான் இருக்கணுமாம். எல்லாரும் உள்ள போயிட்டா ஜாமீனுக்கு யாரு அலையறதுன்னு. அந்த வாரம் அந்த முறை டால்பர்ட் ஐயாவுக்கு வந்துச்சாம். எவ்வளவோ சண்டை போட்டுப் பார்த்தாராம், சங்கத்துல விடல. தலைவரே முன்னாடி வரலன்னா ஜனம் பயந்துடும்னு, தன்னோட தொப்பியைக் கழட்டி ஏசா தலையில வச்சு முன்னாடி அனுப்பினாராம்.

மாமா: அந்தத் தொப்பி மாவட்டம் பூராவும் தெரியும்.

டேவி: அதான். பேப்பர்காரனுக்கும் தெரிஞ்சிருக்கு. படத்துல மூஞ்சி விழல, தொப்பியும் முதுகும்தான். தொப்பியைப் பார்த்துப் பேரைப் போட்டுட்டான்.

மாமா: மறுநாளே திருத்தியிருக்கலாமேன்னு கேக்கறியா?

டேவி: நான் கேட்டேன் மாமா. ஏசாவோட அப்பா வெள்ளைக்காரன் நிலத்துல, விளைச்சல்ல பங்குக்கு உழுதுக்கிட்டு இருந்தாராம். மகன் ஓட்டர் லிஸ்ட்டுல பேர் பதியறதுக்குப் போயி அடி வாங்கிக்கிட்டு வந்திருக்கான்னு தெரிஞ்சா, அன்னைக்கே சட்டி பானை ரோட்டுக்கு வந்துடுமாம். ஏசாவே சொன்னாராம், ‘உன் பேருலயே இருக்கட்டும், உனக்கு இழக்கறதுக்கு ஒண்ணும் இல்ல’ன்னு.

மாமா: அப்ப அதுல என்ன தப்பு? ரெண்டு பேரும் சேர்ந்து ஒரு குடும்பத்தைக் காப்பாத்தியிருக்காங்க.

டேவி: அது வரைக்கும் தப்பில்ல. அப்புறம் அந்தப் பெரியவரும் செத்தாரு, ஏசாவும் செத்தாரு. மறைக்கறதுக்கு ஆளே இல்ல. ‘அப்ப சொல்லியிருக்கணும்’னாரு. ஆனா மாவட்ட போர்டுக்கு எலெக்‌ஷன் வந்துச்சாம். நம்ம கறுப்பு ஜனத்துல முதல் முதலா அவரு நிக்கறாரு. போஸ்டர் பூரா அந்தப் படம். ஜெயிச்சிட்டாரு. ‘ஜெயிச்ச மறுநாள் சொல்லலாம்னு இருந்தேன் டேவி. அந்த மறுநாள் வரவே இல்ல’ன்னாரு. பின்னாடி வந்த கார்க்காரன் ஹார்ன் அடிச்சிட்டே இருக்கான். பச்சை விழுந்து எவ்வளவு நேரம் ஆச்சுன்னே தெரியல எனக்கு.

மாமா: உன்னைப் போய் ஏன் சொல்லச் சொன்னாரு? பெத்த புள்ளைங்க நாலு பேரு இருக்காங்க. பாஸ்டர் இருக்காரு.

டேவி: அதையும் கேட்டேன். ‘பாஸ்டர்கிட்ட குடுத்தா பூவால சோடிச்சு மறைச்சிடுவாரு. என் புள்ளைங்ககிட்ட குடுத்தா பூட்டி வச்சிடுவாங்க. நீ இன்னும் ஒழுங்காப் பொய் சொல்லக் கத்துக்கல, அதனால நீ’ன்னாரு. பெட்டியை மூடறதுக்கு முன்னாடி சொல்லணுமாம். ‘நானும் அந்த ரூம்ல இருக்கும்போதே சொல்லிடு’ன்னாரு.

மாமா: யாரோ தட்டறாங்க.

டேவி: தொறக்காதீங்க...

சிஸ்டர் ஆர்லீன்: டேவி? கண்ணு? நான்தான், சிஸ்டர் ஆர்லீன். கொக்கியை எடு... ஐயய்யோ, லெமுவெல், நீ இங்கயா இருக்க? பாஸ்டர் மோசே வரைக்கும் வந்துட்டாரு தம்பி.

மாமா: செங்கடலைத் தாண்டட்டும்மா, வந்துடறேன்.

சிஸ்டர் ஆர்லீன்: இந்தா, இஞ்சி சோடா. மெதுவாக் குடி. நானும் முப்பது வருஷமா இந்த வெள்ளை உடுப்பைப் போட்டுக்கிட்டு, இந்தச் சர்ச்சுல மயக்கம் போடறவங்களைத் தாங்கிக்கிட்டு இருக்கேன். இன்னைக்கு உன்னைப் பார்த்து நானே விழுந்திருப்பேன். மேயரு பேசினாரு, வக்கீலு பேசினாரு, ஒருத்தருக்கும் இப்படி வரல. ‘அந்தப் படத்துல இருக்கறவரு’ன்னு சொல்லிட்டு நிறுத்தின பாரு. அதுக்கு மேல என்னத்தைச் சொல்ல.

டேவி: நான் இன்னும் சொல்லி முடிக்கலம்மா.

சிஸ்டர் ஆர்லீன்: தெரியும் கண்ணு, தெரியும். மிஸ் லூவீனியா கூட என் கையைப் பிடிச்சுக் கேட்டாங்க, புள்ள என்ன சொல்ல வந்துச்சுன்னு. அடக்கம் முடிஞ்சு சாப்பாட்டுக்கு உக்காரும்போது தன் பக்கத்துல உன்னை உக்கார வைக்கச் சொன்னாங்க. அவங்களா வாயைத் தொறந்து ஒண்ணு கேட்டு நான் பார்த்ததே இல்ல. நல்லா சாப்பிடு என்ன, கோழி நம்ம வீட்டுது.

மாமா: சரிம்மா, நான் கூட்டிட்டு வரேன்.

சிஸ்டர் ஆர்லீன்: அந்த அங்கியை மடிச்சு வையி லெமுவெல். ஒண்ணுதான் நல்லதா இருக்கு.

டேவி: ...போயிட்டாங்களா?

மாமா: போயாச்சு.

டேவி: கேட்டீங்கல்ல? மிஸ் லூவீனியாவுக்குத் தெரியும்.

மாமா: கூடப் பொறந்தவனை முதுகைப் பார்த்தா தெரியாதா ஒருத்திக்கு?

டேவி: நான் மேடையிலேர்ந்து பார்த்தேன் மாமா. எல்லாரும் விசிறிக்கிட்டு இருக்காங்க. அவங்க மட்டும் அட்டையை மடியில வச்சு, படத்து மேல கட்டை விரலை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. தடவிக் குடுக்கற மாதிரி. நான் ‘படத்துல இருக்கறவரு’ங்கவும் தலையைத் தூக்கிப் பார்த்தாங்க.

மாமா: இத்தனை வருஷம் அவங்க வாயைத் தொறக்கலன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும்ல?

டேவி: என்ன காரணம்?

மாமா: எனக்குத் தெரியல. அண்ணன் குடுத்த வாக்கா இருக்கலாம். இல்ல, யாரும் கேக்காததால இருக்கலாம். இல்ல, இத்தனை பேருக்கு அந்த ஒத்தப் படம்தான் தெம்புன்னு விட்டுக் குடுத்திருக்கலாம்.

டேவி: விட்டுக் குடுத்தாங்களா, வேற வழியில்லாம இருந்தாங்களா?

மாமா: என்னைக் குறுக்கு விசாரணை பண்ணாத. இங்க பாரு. நீ இப்ப போயி அதைச் சொன்னேன்னு வையி. திங்கட்கிழமை கோர்ட்டு வாசல்ல சிலை தொறக்கறாங்க. வெண்கலத்துல ஊத்தியாச்சு. படத்துல இல்லாத மூஞ்சியை அதுல வச்சும் ஆச்சு, டால்பர்ட் ஐயா மூஞ்சி. அந்தச் சிலையே கூடாதுன்னு போர்டுல கையைத் தூக்கினானுங்களே, அவனுங்களுக்கு இதை விட என்ன வேணும்? ‘படம் பொய்யின்னா எல்லாமே பொய்தான், அடிச்சதும் பொய், நாயை விட்டதும் பொய்’னு நாளைக்கே பேசுவானுங்க.

டேவி: அதான் மாமா பயம். ராத்திரி பூரா அதேதான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். சொன்னா அவனுங்க ஜெயிப்பாங்க. சொல்லலன்னா... ஏசா பிக்கெட்டு அடி வாங்கினாரு, வேற ஒருத்தருக்குச் சிலை.

மாமா: டால்பர்ட் ஐயா அடியே வாங்கலங்கறியா? எங்கப்பா ஜெயில்ல அவரோட ஒரே அறையில கிடந்தாரு. எத்தனை தடவை உள்ள போனாருன்னு அவருக்கே மறந்து போச்சு. எப்ப இழுத்துட்டுப் போவாங்களோன்னு சட்டைப் பையில பல் விளக்கற பிரஷ்ஷு வச்சுக்கிட்டே அலைஞ்ச மனுஷன். இப்பவும் பெட்டியில அவரு கோட்டுப் பையில இருக்கு, போய்ப் பாரு.

டேவி: பார்த்தேன். அதைப் பார்த்துத்தான் எனக்கு இன்னும் குழம்பிப் போச்சு. அது நெசம். படம் பொய். ஓட்டு வாங்கிக் குடுத்தது நெசம். தொப்பி நெசம், தலை பொய். எங்க கோடு போடறது மாமா?

மாமா: எல்லாத்துக்கும் கோடு போட முடியாது புள்ள.

டேவி: பாஸ்டர் குரல் ஏறுதே...

மாமா: தானியேலு. சிங்கம் வாயை மூடுது. இன்னும் கொஞ்சம் இருக்கு.

டேவி: மாமா, நான் திரும்ப உள்ள போகப் போறேன்.

மாமா: என்ன?

டேவி: அவரு பிரசங்கம் முடிச்சதும், பெட்டி மூடறதுக்கு முன்னாடி எல்லாரையும் வரிசையா வந்து பார்க்கச் சொல்லுவாங்கல்ல. அப்ப மைக்கு சும்மாதானே இருக்கும். ஒரே ஒரு வரி. நீங்க மட்டும் ஆர்கன்ல கையை வைக்காம இருங்க. அது போதும்.

மாமா: வரிசை நடக்கும்போது நான் வாசிச்சுத்தானே ஆகணும்.

டேவி: ஒரு நிமிஷம் நிறுத்தக்கூடாதா?

மாமா: ஜனம் என்னன்னு நினைக்கும்?

டேவி: கொஞ்ச நேரம் முன்னாடி கூட நீங்க ஏன் வாசிச்சீங்க மாமா? பாஸ்டர் உங்களுக்கு சைகை காட்டல. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். நான் அழவும் இல்ல.

மாமா: நீ தடுமாறின. தடுமாறினா வாசிக்கறது என் வேலை.

டேவி: ரொம்ப சீக்கிரம் வந்துச்சு.

மாமா: கை பழக்கம். ஏன் அப்படிப் பார்க்கற?

டேவி: நான் ஒண்ணு சொல்லட்டுமா? திட்டக்கூடாது.

மாமா: சொல்லு.

டேவி: நீங்க வாசிச்சதாலதான் நின்னு போச்சுன்னு இவ்வளவு நேரமா சொல்லிக்கிட்டு இருக்கேன்ல. அது நெசமில்ல. நீங்க கையை வைக்கறதுக்கு முன்னாடியே நான் நிறுத்திட்டேன். அடுத்த வார்த்தை நாக்கு நுனியில இருந்துச்சு. முழுங்கிட்டேன். யாராவது வந்து தடுத்துட மாட்டாங்களான்னு உங்களைத்தான் பார்த்தேன். ஆர்கன் சத்தம் வந்ததும் அப்பாடான்னு இருந்துச்சு மாமா. செத்தவருக்குக் குடுத்த வாக்கு. அவரு பக்கத்துலயே படுத்திருக்காரு. எனக்கு அப்பாடான்னு இருக்கு.

மாமா: டேவி... இங்க வா. அழாத.

டேவி: இப்பதான் நெசமாவே அழுகை வருது.

மாமா: கேளு. நீ அந்தப் பாவத்தைத் தூக்கிச் சுமக்க வேணாம். நீ நிறுத்தாம பேசியிருந்தாலும் நான் வாசிச்சிருப்பேன். முதல் வார்த்தையிலயே தயாராத்தான் உக்காந்திருந்தேன்.

டேவி: ஏன்? உங்களுக்கு ஏசா விஷயம் முன்னாடியே தெரியும்கறதாலயா?

மாமா: அது எங்கப்பா சாகறப்போ சொன்னாரு, ஆமா. ஆனா அதுக்காக இல்ல.

டேவி: பின்ன?

மாமா: பாஸ்டர் கல்வாரி மலை ஏற ஆரம்பிச்சிட்டாரு. நான் போகணும்.

டேவி: சொல்லிட்டுப் போங்க மாமா.

மாமா: டால்பர்ட் ஐயாதான் கேட்டுக்கிட்டாரு. போதுமா? ஒரு சனிக்கிழமை தனியா உக்காந்து ஞாயித்துக்கிழமைப் பாட்டை வாசிச்சுப் பார்த்துக்கிட்டு இருக்கேன், தடியை ஊணிக்கிட்டு வந்து என் பக்கத்துல உக்காந்தாரு. ‘என் சாவுல அந்தப் பொண்ணு எந்திரிச்சு ஒண்ணு சொல்ல வரும், லெமுவெல். சொல்ல விடாத. அதோட குரலை விட உன் சத்தம் பெருசா இருக்கட்டும்’னாரு. வாக்கு வாங்கிக்கிட்டாரு.

டேவி: எந்தச் சனிக்கிழமை?

மாமா: நீதான் அவரைக் கூட்டிட்டு வந்திருந்த. மழை கொட்டிக்கிட்டு இருந்துச்சு. நீ வெளிய கார்லயே இருந்த. மீன் வாசனை அவரு மேல அப்படியே அடிச்சுது.

டேவி: அன்னைக்குத்தான் என்கிட்ட...

மாமா: அதான் சொல்றேன். உன்கிட்ட சொல்லிட்டாரு, கொஞ்ச தூரம் வந்ததும் பயம் வந்துடுச்சு, நேரா என்கிட்ட வந்துட்டாரு. மனசு மாறிட்டாரு, அவ்வளவுதான். செத்தவங்க கடைசியா எதைச் சொன்னாங்களோ அதுதான் கணக்கு. நீ எந்த வாக்கையும் மீறல. முகத்தைத் துடை. சாப்பாட்டுல மிஸ் லூவீனியா கேட்டா, துக்கம்னு சொல்லு.

டேவி: இல்ல மாமா. அவரு உங்ககிட்டேர்ந்து திரும்பி வந்து கார்ல ஏறினாரு. தொப்பியெல்லாம் நனைஞ்சிருந்துச்சு. பெல்ட்டைப் போட்டுக்கிட்டு, வண்டியை எடுக்க விடாம என் கையைப் பிடிச்சாரு. ‘சொல்லுவேல்ல?’ன்னாரு. சொல்லுவேன் ஐயான்னேன். பத்தாது, கையில அடிச்சு சத்தியம் பண்ணுன்னாரு. பண்ணினேன். அது உங்ககிட்ட பேசினதுக்கு அப்புறம் மாமா. நான் சொல்ல வருவேன், நீங்க அமுக்கிடுவீங்கன்னு தெரிஞ்சுக்கிட்டே ரெண்டு பேர்கிட்டயும் வாக்கு வாங்கியிருக்காரு. அப்ப அவரு எதைத்தான் கேட்டாரு... நான் சொல்லணும்னா, இல்ல, சொல்ல வந்து முடியாமப் போகணும்னா?